பட்டும் நீரும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன. உணவு விளைய நீர் வேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். உடை உருவாகவும் நீர் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பருத்தி விளைவதற்கு நீர் வேண்டும். பட்டுப்புழுவிற்கு உணவாகும் முசுக்கட்டை இலை தழைப்பதற்கு நீர் வேண்டும். நூலை வெளுப்பதற்கும், அதற்கு வண்ணம் ஊட்டுவதற்கும், ஊட்டிய வண்ணத்தை அலசுவதற்கும் நீர் வேண்டும். ஆதலின் பழைய நெசவூர்கள் பல ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் தோன்றி வளர்ந்தன. நீர் நெசவை வளர்த்தது. நெசவு அந்த நீரைக் காத்ததா? தொன்மையான ஒரு கைத்தொழில் இனியும் நெடுங்காலம் நிலைத்து வாழ வேண்டுமாயின், இவ்வினாவிற்கு அது விடை கூறியே ஆதல் வேண்டும்.

ஒரே சாலையில் இரு தொழில்கள்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சென்றால் திருப்பெரும்புதூரை அடையலாம். 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய ஊர் இது. இன்று இவ்வூரும், இதற்குத் தெற்கேயுள்ள ஒரகடமும், கிழக்கேயுள்ள இருங்காட்டுக்கோட்டையும் பெருந்தொழில்களுக்குப் பெயர் பெற்றுள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டில் மற்றொரு பெரிய கார்த் தொழிற்சாலை தொடங்கியது. கண்ணாடி, மின்னணுக் கருவிகள், வண்டி உறுப்புகள் முதலியன செய்யும் ஆலைகளும் இங்கே நிறைந்துள்ளன. சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரி இவற்றிற்கு அண்மையிலேயே உள்ளது.

அதே சாலையில் மேலும் சென்று தெற்கே திரும்பினால் காஞ்சிபுரம் வரும். இங்கே எந்திரங்களின் பேரொலி இல்லை. தெருவுக்குத் தெரு தறியின் ஓசை கேட்கும். ஒரு மாவட்டத்திலேயே, ஒரு மணி நேரப் பயணத் தொலைவிற்குள்ளேயே, புதிய பெருந்தொழிலும் பழைய கைத்தொழிலும் வாழ்கின்றன. இரண்டும் நம்பியிருப்பவை ஏரிகள் நிறைந்த இம்மாவட்டத்தின் நீரையும், இங்குள்ள இளைஞரின் உழைப்பையுமே ஆகும்.

காஞ்சிப் பட்டின் சிறப்பு

காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு உண்டேயன்றிப் பட்டு நூல் மிகுதியாக விளைவதில்லை. கருநாடகத்திலிருந்து நூல் வருகிறது. சரிகையிற் பெரும்பகுதி குசராத்து மாநிலத்துச் சூரத்து நகரிலிருந்து வருகிறது. வெளியூர்களிலிருந்து வரும் இப்பொருள்களை ஒன்றுகூட்டி, உலகம் போற்றும் புடவையாக மாற்றுவது காஞ்சி நெசவாளரின் கைத்திறனே. புடவையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் அமையுமாறு, மூன்று நாடாக்களைக் கொண்டு இருவர் சேர்ந்து நெய்வது ‘கோர்வை’ எனப்படும். உடலும் கரையும் கூடும் இடம் எளிதில் விட்டுப் போகாத வண்ணம் உறுதியாக இருக்கும். இச்சிறப்பினாலேயே காஞ்சிப் பட்டு 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

கைத்தறி மின்விசையை வேண்டுவதில்லை. நெசவாளரின் கையும் காலுமே அதனை இயக்குகின்றன. புகையும் கரியும் அதனால் உண்டாவதில்லை. வேலைப்பாட்டிற்கேற்ப ஒரு புடவையை நெய்து முடிக்கப் பத்து நாள் முதல் ஒரு திங்கள் வரை ஆகலாம். அங்ஙனம் நெய்யப்பெற்ற புடவை ஒரு தலைமுறையோடு அழிந்து போவதில்லை. தாய் உடுத்திய புடவையை மகள் உடுத்தும் வழக்கம் இன்றும் தமிழகத்தில் உண்டு. துணி நைந்து போன பின்னரும், சரிகையிலுள்ள வெள்ளிக்காகப் பழம் புடவைகளை விலை கொடுத்து வாங்குவோர் உளர். சில முறை உடுத்தி எறிந்துவிடும் ஆடைகள் மலிந்த இக்காலத்தில், நீண்ட நாள் உழைக்கும் ஆடையைச் செய்வதே இயற்கையைக் காக்கும் வழிகளுள் ஒன்று. இவ்வகையில் கைத்தறி பாராட்டுக்கு உரியது.

ஆயினும், தறியை மட்டும் கண்டு முடிவு கூறுதல் பொருந்தாது. நூல் தறியேறுவதற்கு முன் சாயப்பட்டறைக்குச் செல்கிறது. அங்கே நிகழ்வதையும் காண வேண்டும்.

சாயப்பட்டறையில் நூல்

பட்டுப்புழு தன் வாயிலிருந்து வெளிவிடும் இழையின் மேல் இயற்கையான பசை ஒன்று படிந்திருக்கும். அதனைச் ‘செரிசின்’ என்பர். இப்பசை நீங்கினாலன்றி நூலுக்கு மென்மையும் பளபளப்பும் உண்டாகா; வண்ணமும் நன்கு ஏறாது. ஆகவே கச்சாப் பட்டைச் சவர்க்காரமும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைப்பர். பசை கரைந்து நீரோடு போய்விடும். ஒரு கிலோ கச்சாப் பட்டு, பசை நீங்கிய பின் முக்கால் கிலோ அல்லது அதற்குச் சற்று மிகுதியாகவே நிற்கும். எஞ்சிய பகுதி முழுவதும் கழிவுநீரில் கலந்துவிடுகிறது.

பின்னர் நூற்கழிகளைக் கோல்களிற் கோத்து, சாயம் கரைந்த கொதிநீரில் தோய்த்து, மாறி மாறித் திருப்புவர். வெப்பம் கூடினும் குறையினும் நிறம் ஒன்றுபோல் அமையாது. நிறம் ஏறியதும் நூலை எடுத்துத் தூய நீரில் பன்முறை அலசுவர். வேகவைக்க ஒருமுறை, சாயம் தோய்க்க ஒருமுறை, அலசப் பலமுறை என நீர் செலவாகிறது. நீரைக் கொதிக்க வைக்க விறகும் செலவாகிறது. இந்த நீர் பட்டறையை விட்டு எங்குச் செல்கிறது என்பதே சிந்தித்தற்குரியது. கால்வாயில் விட்டால் அது ஆற்றை அடையும். நிலத்தில் விட்டால் கிணற்றை அடையும். காஞ்சிபுரத்தின் வழியாக ஓடும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கூடுகிறது. நகரத்துச் சாக்கடை நீரால் ஏற்கெனவே நலிந்துவிட்ட அவ்வாறு, சாயக் கழிவையும் தாங்க வல்லதன்று.

வண்ணத்தின் வரலாறு

முற்காலத்தில் வண்ணங்கள் செடிகொடிகளிலிருந்து கிடைத்தன. சோழமண்டலக் கடற்கரையின் மணற்பாங்கான நிலங்களில் விளைந்த சாயவேர் சிவப்பு நிறம் தந்தது. அவுரி நீல நிறம் தந்தது. மஞ்சளும் கடுக்காயும் பிற நிறங்களுக்கு உதவின. நிறம் நூலிற் பற்றி நிற்பதற்குப் படிகாரத்தைப் பயன்படுத்தினர். இவ்வண்ணத் துணிகளை நாடிக் கடல் கடந்து வந்த வணிகர் பலர்.

1856-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து காண முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, ஊதா நிறச் சாயம் ஒன்று கிடைத்தது. அதுவே செயற்கைச் சாயத்தொழிலுக்குத் தொடக்கமாயிற்று. 1897-ஆம் ஆண்டில் செருமானியர் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் இந்தியாவின் அவுரி வாணிகம் வீழ்ந்தது. செயற்கைச் சாயம் விலை குறைந்தது, எண்ணற்ற நிறங்களைத் தருவது, விரைவில் ஏறுவது. எனவே நெசவூர்கள் எல்லாம் அதனை ஏற்றுக்கொண்டன.

நன்மையோடு தீமையும் வந்தது. ‘அசோ’ எனப்படும் சாய வகையுள் சில, புற்றுநோயை உண்டாக்கவல்ல பொருள்களாகச் சிதையும் எனக் கண்டறிந்தனர். 1990-களில் செருமனியும், அதனை அடுத்து இந்தியாவும் அத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தன.

இயற்கைச் சாயத்திற்கே மீண்டுவிட்டால் எல்லாத் துன்பமும் தீரும் என்று சிலர் கருதுகின்றனர். அது முழு உண்மை ஆகாது. செடியிலிருந்து சாயம் எடுக்க மிகுந்த இலையும் வேரும் வேண்டும். அவற்றைக் கொதிக்க வைக்க விறகும் நீரும் வேண்டும். நிறத்தைப் பற்றச் செய்வதற்குப் படிகாரத்திற்கு மாறாகக் குரோமிய உப்பைப் பயன்படுத்தினால், இயற்கைச் சாயமும் நீரைக் கெடுக்கும். சாயம் எங்கிருந்து வந்தது என்பதோடு, தோய்த்த பின் எஞ்சிய நீர் எங்குச் செல்கிறது என்பதையும் ஆராய வேண்டும்.

நொய்யல் தரும் பாடம்

இதனைத் தமிழகம் கண்கூடாகக் கண்ட இடம் திருப்பூர் ஆகும். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் ஆறு கோவை, திருப்பூர் ஆகிய நகரங்களின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. திருப்பூரில் பருத்திப் பின்னலாடைத் தொழில் விரைந்து வளர்ந்தது. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அவ்வுப்பு துணியிற் சேராமல் முழுவதும் கழிவுநீரிலேயே தங்கிவிடும். நிறத்தை நீக்கிவிட்டாலும், கரைந்துள்ள உப்பை எளிய முறைகளால் நீக்க இயலாது.

உழவர்களின் பாசனத்திற்காக 1992-ஆம் ஆண்டில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை ஒன்று கட்டி முடிக்கப்பெற்றது. நன்னீர் தேக்கக் கட்டிய அவ்வணையில் சாயநீரே தேங்கிற்று. கிணறுகள் உவர்த்தன, பயிர்கள் வாடின. அணைநீரைத் திறந்து விடுக என்று வேண்டுவதற்கு மாறாக, அந்நீரைத் தங்கள் நிலங்களுக்கு விடுதல் வேண்டா என்று உழவரே வேண்டும் நிலை வந்தது. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆணை உரியவாறு நிறைவேறாமையால், 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சாயப்பட்டறைகளை மூடுமாறு மீண்டும் ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பெற்றன. நாடோறும் கூலி பெற்று வாழ்ந்த தொழிலாளர் வேலை இழந்தனர். உழவர் நீரை இழந்தனர். தொழிலாளர் வேலையை இழந்தனர். முதலாளிகள் வாணிகத்தை இழந்தனர்.

பின்னர், அரசின் நிதியுதவியோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்செய்யப்பெற்றன. அங்கே நுண்ணிய சவ்வுகளின் வழியே கழிவுநீரை அழுத்திச் செலுத்தித் தூய நீரைப் பிரித்தெடுக்கின்றனர். எஞ்சிய உவர்நீரையும் அதிலுள்ள உப்பையும் மீண்டும் சாயமிடப் பயன்படுத்துகின்றனர். பட்டறைகள் படிப்படியாகத் திறக்கப்பெற்றன. இம்முறைக்குச் செலவு மிகுதி. ஆனால், இச்செலவை முன்னரே ஏற்றிருந்தால் ஓர் ஆறு கெட்டிராது என்பதை எவரும் மறுக்க இயலாது.

காஞ்சிக்கு அண்மையிலுள்ள பாலாற்றிலும் இத்தகைய துன்பம் நேர்ந்ததுண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கியது. கேடு விளையுமுன் தடுத்தல் வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்பதும் அத்தீர்ப்பு வலியுறுத்திய நெறிகளாகும்.

பட்டறையில் செய்யத்தக்கவை

பட்டுக்கு இட்ட வண்ணம் பருத்திக்கு இட்ட வண்ணம் போன்றதன்று. பட்டுக்கு ஏற்ற சாயங்கள் சிறிதளவு அமிலத்தின் துணைகொண்டு ஏறுகின்றன. பெருமளவு உப்பு வேண்டுவதில்லை. சாயத்தை நூலின் எடைக்கேற்ப அளந்து இட்டு, வெப்பத்தை முறையாக உயர்த்தி, போதிய நேரம் பொறுத்திருந்தால், சாயத்தின் பெரும்பகுதி நூலுக்கே போய்ச் சேரும். தோய்த்து முடிந்தபின் தொட்டி நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து நோக்கினால், அது ஏறத்தாழத் தெளிந்திருத்தல் வேண்டும். நீர் தெளிந்திருப்பின் சாயக்காரரின் கை தேர்ந்தது எனலாம். நீர் அடர்ந்த நிறத்தோடு இருப்பின், விலை கொடுத்து வாங்கிய சாயம் வீணாகிச் சாக்கடைக்குச் செல்கிறது என்பது பொருள். தொழில்திறனும் சிக்கனமும் இயற்கைப் பாதுகாப்பும் இங்கே ஒன்றாகின்றன.

இவையன்றி வேறு முறைகளும் உள. கடைசி முறை அலசிய நீர் பெரும்பாலும் தூயதாகவே இருக்கும். அதனைச் சேமித்து அடுத்த நூலை முதன்முறை அலசுவதற்குப் பயன்படுத்தலாம். வெளிர் நிறங்களை முதலிலும் அடர்ந்த நிறங்களைப் பின்னரும் தோய்த்தால், தொட்டியைக் கழுவும் நீர் மிச்சமாகும். பசை கரைந்த நீரைச் சாயநீரோடு கலவாமல் தனியே தேக்கினால், இரண்டையும் தனித்தனியே தூய்மை செய்வது எளிது. செரிசினைப் பிரித்தெடுத்து நறுமணப் பூச்சுப் பொருள்களிற் சேர்க்கும் முறையும் உலகில் உண்டு. நீராவிக் கொதிகலனைப் பயன்படுத்தினால் விறகு குறையும், புகையும் குறையும்.

ஆனால், மூவர் நால்வர் உழைக்கும் சிறு பட்டறை ஒன்று சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியே அமைக்க இயலுமா? இயலாது. திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள பேராலை, தன் கழிவுநீரைத் தூய்மை செய்யப் பொறியாளரை அமர்த்திக்கொள்ளும். சிறு பட்டறைக்கு அவ்வசதி இல்லை. சிறிய பட்டறை விடும் நீர் சிறிதே ஆயினும், பல பட்டறைகளின் நீர் கூடினால் ஓர் ஆற்றைக் கெடுக்கும். எனவே பலர் கூடிச் செய்வதொன்றே வழியாகும்.

கூடித் தொழில் செய்தல் காஞ்சிக்குப் புதிதன்று. இந்தியாவில் கூட்டுறவுச் சட்டம் 1904-ஆம் ஆண்டில் பிறந்தது. அவ்வாண்டிலேயே நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவு செய்யப்பெற்றது. பிற்காலத்தில் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல இங்கே வளர்ந்தன. நூல் வாங்குவதிலும் புடவை விற்பதிலும் கூடி நின்ற நெசவாளர், நீரைத் தூய்மை செய்வதிலும் கூடி நிற்கலாம். சங்கங்களின் பொதுச் சாயக்கூடமும் அதனோடு இணைந்த சுத்திகரிப்பு நிலையமும் இதற்கு ஏற்றவை.

நெசவாளர் வாழ்வு

நீர் தூய்மையாக இருந்தும் நெய்வோர் இல்லையெனில் தொழில் நிலைக்காது. இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, 1995-96-இல் நெசவாளரும் துணைத் தொழிலாளருமாக 65 இலட்சத்திற்கு மேற்பட்டோரைக் கண்டது. 2009-10-இல் அத்தொகை 43 இலட்சமாயிற்று. 2019-20-இல் 35 இலட்சமாகக் குறைந்தது.

காஞ்சிபுரத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இதன் காரணத்தைக் காணலாம். விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் வந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் செல்கின்றன. அங்கே திங்கள்தோறும் உறுதியாக ஊதியம் கிடைக்கிறது. தறியில் அமர்ந்தவருக்கோ, புடவை முடிந்தால்தான் கூலி. நூல் விலையும் சரிகை விலையும் ஏறும்போது வேலையே கிடைக்காத நாள்களும் உண்டு. இந்நிலையில், தந்தையின் தறியை விட்டுச் செல்லும் மகனைக் குறை கூறுதல் முறையன்று.

சாயநீரைத் தூய்மை செய்யும் செலவை யார் ஏற்பது என்னும் வினாவும் இங்கே எழுகிறது. அச்செலவை நெசவாளரின் கூலியிற் குறைத்தால், எஞ்சியிருப்போரும் தறியை விட்டு நீங்குவர். ஆற்றின் மேல் சுமத்தினால் நொய்யலின் கதையே மீளும். ஆகவே விற்கும் வணிகரும், வாங்கி உடுத்துவோரும், உதவும் அரசும் அதனைப் பகிர்ந்து ஏற்றல் வேண்டும். பல ஆயிரம் உரூபாய் விலையுள்ள புடவையில் அது பெருஞ்சுமை ஆகாது. பட்டின் மெருகையும் சரிகையின் எடையையும் கேட்டு வாங்குவோர், இதன் சாயநீர் எங்கே சென்றது என்றும் கேட்கப் பழகினால், வணிகர் அதற்கு விடை கூறும் நிலை தானே உண்டாகும்.

ஆலைகளும் கைத்தொழிலுக்கு ஆசிரியர் ஆகலாம். வெப்பத்தை அளத்தல், நீரின் தரத்தை ஆய்தல், கணக்கெழுதுதல் ஆகியவற்றை இளைஞர் அங்கே கற்கின்றனர். அவ்வறிவு சாயக்கூடத்திற்கு மீண்டு வந்தால், முன்னோர் கண்ணால் மதிப்பிட்டதை இன்றையோர் கருவியால் உறுதி செய்யலாம். அதுபோலவே, பொருளை நெடுநாள் உழைக்குமாறு செய்யும் பண்பை ஆலைகள் தறியிடம் கற்கலாம்.

முடிவுரை

இந்தியா ஆண்டுதோறும் ஆகத்து 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாளாக 2015 முதல் கொண்டாடி வருகிறது. 1905-ஆம் ஆண்டு அந்நாளில் சுதேசி இயக்கம் தொடங்கியதை அது நினைவூட்டுகிறது. நம் நாட்டுத் துணியை உடுத்துவது அன்று நாட்டுப்பற்றாகக் கருதப்பெற்றது. அத்துணி நம் நாட்டு நீரைக் கெடுக்காமல் உருவாக வேண்டும் என்பது இன்று அதனோடு சேர வேண்டிய கடமையாகும்.

புடவை நெடுங்காலம் உழைப்பது போல, அதனை ஈன்ற ஆறும் கிணறும் நெடுங்காலம் நிலைத்தல் வேண்டும். அதனை நெய்த குடும்பமும் வறுமையின்றி வாழ்தல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் மற்றை இரண்டும் நில்லா. தெளிந்த நீரும் நிறைந்த கூலியும் உள்ள ஊரில் தறியோசை ஓயாது.

பயிற்சி வினாக்கள்

1. கச்சாப் பட்டை வேகவைப்பதன் காரணம் யாது? அதனால் நீருக்கு நேர்வது என்ன?
2. இயற்கைச் சாயம் மட்டுமே தீர்வாகாது என்பதை விளக்குக.
3. ஒரத்துப்பாளையம் அணையின் வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
4. சாயக்காரரின் திறமையைத் தொட்டி நீரைக் கொண்டு அறிவது எங்ஙனம்?
5. நும் ஊரிலுள்ள கைத்தொழில் ஒன்றனைக் கண்டு, அதற்கு நீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்குச் செல்கிறது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.